பெரிய சென் பெர்னார் கணவாயில் ரோமர் கால விடுதி: உள்ளே படுத்தது யார்?

யூன் 4, 2023

ஒரு சுற்றுலாக் கையேட்டில் இப்படி ஒரு வரி: “ரோமர் காலத்தில் அல்ப்ஸ் மலையைக் கடக்கும் எந்த வழிப்போக்கனுக்கும் கணவாயின் உச்சியில் அரசு விடுதி காத்திருந்தது.” எந்த வழிப்போக்கனுக்கும் என்பது உண்மையா? இதுதான் என் கேள்வி.

கேட்பதற்குக் காரணம் உண்டு. நான் சுவிட்சர்லாந்தின் மார்ட்டினியில் ஒரு ஹோட்டல் குசினியில் 14 வருடமாக வேலை செய்கிறேன். வேலைக்குப் போகும் வழியில் ரோமர்களின் வட்டரங்கம் இருக்கிறது; இலையுதிர் காலத்தில் அதற்குள் பசுமாடுகளை மோதவிட்டுப் பார்ப்பார்கள். இந்த ஊரிலிருந்துதான் சாலை தெற்கே ஏறி, 2,469 மீட்டர் உயரத்தில் பெரிய சென் பெர்னார் கணவாயைத் தாண்டி இத்தாலியின் அவோஸ்தாவுக்கு இறங்குகிறது. ரோமர்கள் அந்த உச்சியை சும்முஸ் பொயெனினுஸ் என்றார்கள். அங்கே யூப்பிட்டர் பொயெனினுஸ் என்ற கடவுளுக்கு ஒரு கோயில், பக்கத்தில் இரண்டு தங்குமிடக் கட்டடங்கள். போன யூலையில் போய்ப் பார்த்தேன். கட்டடம் என்று சொல்ல இப்போது ஒன்றும் நிற்கவில்லை. கோயில் இருந்த இடத்தில் பாறையைச் செதுக்கிய தடம், பாறையை வெட்டி இறக்கிய சாலையின் ஒரு துண்டு, சுற்றிவரப் புல். யூலையிலும் காற்று காதை அறுத்தது.

யூன் 5, 2023

சாலையின் முன்கதையைச் சொல்லாமல் விடுதியைப் பேச முடியாது.

கி.மு. 57இல் ரோமத் தளபதி யூலியுஸ் சீசர் தன் துணைத் தளபதி கால்பாவை 12ஆம் படையணியுடன் இங்கே அனுப்பினார். வியாபாரிகள் பெரும் ஆபத்தோடும் பெரும் சுங்கத்தோடும் கடந்துகொண்டிருந்த இந்த வழியைத் திறந்துவிட வேண்டும் என்பதுதான் நோக்கம் என்று சீசரே எழுதியிருக்கிறார். அந்தக் குளிர்காலத்தில் கால்பா மார்ட்டினியில் (அன்றைக்கு ஒக்டோடூருஸ்) பாசறை போட்டார், உள்ளூர் மக்கள் சூழ்ந்து தாக்கினார்கள், அவர் ஊரைக் கொளுத்திவிட்டு வெளியேறினார். வழி திறக்கவில்லை.

தெற்குப் பக்கத்தில் சலாஸ்ஸி என்ற மக்கள். அவர்களைப் பற்றிக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ எழுதியிருப்பதை ஒரே மூச்சில் படித்தேன். முத்தினாவிலிருந்து (இன்றைய மோதெனா) தப்பி ஓடிவந்த, சீசரைக் கொன்றவர்களில் ஒருவரான டெசிமுஸ் புரூட்டுஸிடம் ஆளுக்கு ஒரு திராக்மா வெள்ளிக்காசு வசூலித்துத்தான் விட்டார்களாம். சாலை போடுகிறோம், பாலம் கட்டுகிறோம் என்று சாக்குச் சொல்லிப் படைகளின் மேல் பாறைகளை உருட்டிவிட்டார்களாம். கி.மு. 25இல் ரோமத் தளபதி தெரெந்தியுஸ் வார்ரோ முரேனா அவர்களை அடக்கினார். ஸ்டிராபோ தரும் கணக்கு: 36,000 பேரும், அவர்களோடு போரிடக்கூடிய 8,000 ஆண்களும் கைதாகி, இன்றைய இவ்ரேயாவில் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். அதே நிலத்தில் 3,000 ரோமர்களைக் குடியேற்றி எழுப்பிய ஊர்தான் அவோஸ்தா.

கையேட்டில் இது ஒரு வரிகூட இல்லை.

யூன் 5, இரவு

மேலே “தங்குமிடம்” என்று எழுதிவிட்டு நெடுநேரம் யோசித்தேன். லத்தீனில் மான்சியோ. தமிழில் எதைச் சொல்வது? சத்திரம் என்றால் சோறும் சேர்ந்து வருகிறது, அதுவும் தர்மமாக. மடம் என்றாலும் அப்படித்தான். பருத்தித்துறையில் தெருமூடி மடத்துத் திண்ணையில் சின்ன வயதில் மழைக்கு ஒதுங்கியிருக்கிறேன். யார் நீ, எங்கே போகிறாய் என்று அங்கே யாரும் கேட்டதில்லை. மான்சியோவில் கேட்பார்கள், கையில் என்ன இருக்கிறது என்றும் பார்ப்பார்கள். அதனால் மான்சியோவை மான்சியோ என்றே எழுதப்போகிறேன். குதிரை மட்டும் மாற்றும் சின்ன நிலையத்துக்கு முட்டாத்தியோ என்று பெயர்.

யூன் 11, 2023

கையில் இருக்க வேண்டியது டிப்ளோமா. நாம் படிப்பு முடித்து வாங்குகிறோமே, அதே சொல்தான். அன்றைக்கு அது பயண அனுமதிச் சீட்டு. மடித்தது என்ற பொருளில் வந்த கிரேக்கச் சொல். முதல் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் ஏற்படுத்திய அரசு அஞ்சல் அமைப்பின் வண்டியையும் விலங்கையும் எடுக்க அந்தச் சீட்டு வேண்டும். முதலில் வழி நெடுக இளைஞர்களை நிறுத்தி, கைக்குக் கை மாற்றிச் செய்தி அனுப்பினார். பிறகு வண்டிகளை வைத்தார். ஒரே ஆள் கடைசிவரை வந்தால் கடிதத்தோடு அவனையும் கேள்வி கேட்கலாம் என்பது அந்த மாற்றத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. கடிதம் சொல்லாததை ஆள் சொல்வான் அல்லவா.

சீட்டு எவ்வளவு கறாரானது என்பதற்கு ஒரு கதை. இளைய பிளினி என்ற ரோம எழுத்தாளர் பித்தினியாவில் (இன்றைய துருக்கியின் வடக்கு) ஆளுநராக இருந்தபோது மனைவி கல்பூர்னியாவின் தாத்தா இறந்துவிட்டார். அத்தையிடம் துக்கத்துக்குப் போகத் துடித்த மனைவிக்கு பிளினி அரசுச் சீட்டைக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகு மனம் கேட்காமல், இதற்கு முன் நான் யாருக்கும் இப்படிச் செய்ததில்லை என்று பேரரசர் டிராயனுக்கு எழுதினார். செய்தது சரிதான் என்று டிராயன் பதில் போட்டார். ஒரு மாகாணத்தின் ஆளுநர், சொந்த மனைவி, செத்த வீடு. அதற்கே இவ்வளவு கூச்சம்.

ஆக “எந்த வழிப்போக்கனுக்கும்” என்பது தவறு. என் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது.

யூன் 18, 2023

பாதி அல்ல, கால்வாசிதான். டிப்ளோமா வண்டிக்கும் குதிரைக்கும் உரிய சீட்டு. படுக்கைக்கு என்ன விதி என்று ஒரு நண்பர் கேட்டார். சரியான கேள்வி.

விதி இருக்கிறது, ஆனால் அல்ப்ஸில் இல்லை. துருக்கியின் தோரஸ் மலையில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் சகலாஸ்ஸோஸ் என்ற பழைய நகரம் உண்டு. அதன் பகுதியில் கிடைத்த ஒரு கல்வெட்டு 1976இல் வெளியானது. பேரரசர் திபேரியுஸ் காலத்து ஆளுநர் ஒருவரின் ஆணை, லத்தீனிலும் கிரேக்கத்திலும். சகலாஸ்ஸோஸ் மக்கள் 10 வண்டிகளையும் அதே அளவு கோவேறு கழுதைகளையும் தயாராக வைத்திருக்க வேண்டும். பயன்படுத்துகிறவர் கூலி தர வேண்டும்: ஒரு ஸ்கோயினுஸ் (அந்தக் காலத் தூர அளவு) தொலைவுக்கு வண்டிக்கு 10 அஸ் (சின்ன ரோமக் காசு), கோவேறு கழுதைக்கு 4 அஸ். ஒரு கோவேறு கழுதையின் கூலிக்கு இரண்டு கழுதைகள் கொடுத்தாலும் சரி. செனட்டர் என்றால் பத்து வண்டிகள்வரை கேட்கலாம், அதற்கு அடுத்த குதிரைவீரர் வகுப்பு அதிகாரிக்கு மூன்று, செஞ்சூரியன் என்ற படைப்பிரிவுத் தலைவனுக்கு ஒன்று. லாபத்துக்குத் தானியம் ஏற்றிப் போகிறவனுக்கு ஒன்றும் கிடையாது.

தங்குவது பற்றி: ஆளுநரின் பரிவாரம், எல்லா மாகாணங்களின் படையாட்கள், பேரரசரின் விடுவிக்கப்பட்ட அடிமைகள், அடிமைகள், இவர்களுடைய விலங்குகள் எல்லாவற்றுக்கும் இலவச இடம் தர வேண்டும். மற்ற எதையும், மக்கள் மனமில்லாதபோது, இலவசமாகப் பிடுங்கக் கூடாது.

இரண்டு விஷயம் எனக்கு உறைத்தது. ஒன்று, பேரரசரின் அடிமைக்கு இலவச இடம் உண்டு, சொந்தக் காலில் நிற்கும் சுதந்திர வியாபாரிக்குக் கிடையாது. நான் இதுவரை மேலே அதிகாரி, கீழே அடிமை என்று ஏணிபோல நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே பேரரசரின் ஆளா இல்லையா என்பதுதான் கணக்கு. இரண்டு, பிடுங்கக் கூடாது என்று கல்லில் வெட்டி வைக்கிறார்கள் என்றால் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள் என்றுதான் அர்த்தம். எங்கள் குசினிச் சுவரில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு “செய்யாதே”க்கும் பின்னால் அதைச் செய்த ஒருவர் இருக்கிறார்.

யூலை 9, 2023

விடுமுறையில் தொன்னாஸ் போய் வந்தேன். அவோஸ்தாவிலிருந்து பள்ளத்தாக்கின் வாசல் பக்கமாக இறங்கினால் வரும் ஊர். ரோமர்கள் கோல் நாட்டுக்கு (இன்றைய பிரான்ஸ் பக்கம்) போட்ட சாலை அங்கே 221 மீட்டர் நீளத்துக்குப் பாறையை வெட்டிச் செய்யப்பட்டிருக்கிறது. நடுவில் பாறையிலேயே ஒரு வளைவை விட்டுவைத்திருக்கிறார்கள், 4 மீட்டர் கனம். அதைத் தாண்டினால் மைல்கல். தனியாகச் செய்து கொண்டுவந்து நட்டதல்ல. மலையை வெட்டும்போதே அந்த இடத்தில் ஒரு தூணை உருட்டி எடுத்து, அதில் XXXVI என்று பொறித்திருக்கிறார்கள். அவோஸ்தாவிலிருந்து 36 மைல், அதாவது சுமார் 53 கிலோமீட்டர்.

தரையில் குந்தி உட்கார்ந்து சக்கரத் தடத்தில் கையை வைத்துப் பார்த்தேன். மணிக்கட்டுவரை உள்ளே போனது. அடிப்பகுதி தேய்ந்த ஆட்டுக்கல் மாதிரி வழவழ என்று இருந்தது. பக்கச் சுவரில் மட்டும் விரலில் நெருடும் கோடுகள். முதல் நாள் மழை பெய்ததால் தடத்தில் தண்ணீர் நின்றது. ஒரு பாட்டி நாயோடு சாதாரணமாக நடந்து போனார். அவருக்கு அது கடைக்குப் போகும் வழி.

அதனால் ஸ்டிராபோவை நான் நம்பவில்லை. பொயெனினுஸ் வழியில் வண்டி போகாது என்கிறார் அவர்.

யூலை 10, 2023

மேலே உள்ளதில் கடைசிப் பத்தியைத் திருத்துகிறேன். அவசரப்பட்டுவிட்டேன். தொன்னாஸ் இருப்பது பள்ளத்தாக்கில், கணவாய்க்கு வெகு கீழே. அவோஸ்தாவில் சாலை இரண்டாகப் பிரிகிறது: ஒன்று பெரிய சென் பெர்னாருக்கு, மற்றது 2,188 மீட்டர் உயரச் சிறிய சென் பெர்னாருக்கு. ஸ்டிராபோ சொல்வது மேற்கே உள்ள இந்த இரண்டாவது வழியில் வண்டி போகும், முதலாவதில் போகாது என்று. தொன்னாஸ் இரண்டுக்கும் பொதுவான பாதை. அங்கே தடம் ஆழமாக இருப்பது ஸ்டிராபோவை ஒன்றும் செய்யாது. அதோடு வளைவு இடைக்காலத்தில் ஊர்வாசலாகவும் இருந்தது. தடத்தைத் தோண்டியதில் எத்தனை நூற்றாண்டு வண்டிகளுக்குப் பங்கு என்று கையை வைத்துச் சொல்லிவிட முடியாது.

ஸ்டிராபோ எழுதிய பிறகு பேரரசர் கிளாவுதியுஸ் இந்தச் சாலையைச் செப்பனிட்டார். கி.பி. 47ஆம் ஆண்டின் மைல்கல் ஒன்று ஜெனீவா ஏரிக்கரையில் சென் சபோரின் ஊரில் இருக்கிறது. மார்ட்டினிக்கும் அவர் பெயரே வந்தது: போரும் கிளாவுதீ வல்லென்சியும். கணவாயில் பாறையை வெட்டிய துண்டு, முன்னால் கழுதைத் தடமாக இருந்ததை அகலமாக்கிய வேலையாக இருக்கலாம். வண்டி அதில் போனதா? போயிருக்கும் என்பது என் எண்ணம். நிரூபிக்க என் கையில் ஒன்றும் இல்லை.

யூலை 23, 2023

விறகு.

குசினிக்காரனுக்கு முதலில் தோன்ற வேண்டியது இதுதான், எனக்கு ஏழு வாரம் கழித்துத் தோன்றுகிறது. 2,469 மீட்டரில் மரம் கிடையாது. மரம் வளரும் எல்லை சில நூறு மீட்டர் கீழேயே முடிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு கட்டையும் கீழிருந்து யாரோ ஒருவரின் முதுகிலோ கழுதையின் முதுகிலோ ஏறி வந்தது. கூரை ஓடு, மாவு, வைன், குதிரைக்கு வைக்கோல், எல்லாம் அப்படித்தான். உயரத்தில் தண்ணீர் 92 பாகைக்குள்ளேயே கொதித்துவிடும். பருப்பு, பயறு வேக நேரம் எடுக்கும், அதற்கும் விறகு. நான்கு பேர் ஓர் இரவு சூடாகத் தூங்க எத்தனை சுமை வேண்டும்? அந்தச் சுமையைத் தூக்கியவனுக்கு மேலே படுக்க இடம் கிடைத்ததா, இல்லை இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டுமா?

ஸ்டிராபோவில் இதற்கும் ஒரு வரி இருக்கிறது. சலாஸ்ஸி மக்கள் தோற்பதற்கு முன்பு, மெஸ்ஸாலா என்ற தளபதி அவர்கள் பக்கத்தில் குளிர்காலத்தைக் கழித்தபோது, அடுப்பு விறகுக்கும் ஈட்டிக்கான எல்ம் மரத்துக்கும் அவர்களிடம் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்ததாம். ஒரு தலைமுறைக்கு முன்னால் விறகை விலைக்கு விற்ற மலை.

ஓகஸ்ட் 6, 2023

சாதாரண ஆள் எங்கே தூங்கினான் என்பதற்கு ஒரு கல் இருக்கிறது. இது அபென்னின் மலைப்பக்கம், இசெர்னியா ஊர்; கல் இப்போது லூவ்ர் அருங்காட்சியகத்தில். லூசியுஸ் கலிதியுஸ் எரோதிகுஸ் என்ற விடுதிக்காரரின் கல். கீழே ஒரு பயணி, கையில் கோவேறு கழுதை, எதிரே கணக்குப் பார்க்கும் ஆள். நடுவில் அவர்கள் பேச்சு அப்படியே வெட்டப்பட்டிருக்கிறது.

“விடுதிக்காரரே, கணக்கைப் பார்ப்போம்.”
“வைன் ஒரு செக்ஸ்தாரியுஸ் (அரை லீட்டர் அளவு), ரொட்டி: ஒரு அஸ். தொட்டுக்கொள்ள: இரண்டு அஸ்.”
“சரி.”
“பெண்: எட்டு அஸ்.”
“அதுவும் சரி.”
“கழுதைக்கு வைக்கோல்: இரண்டு அஸ்.”
“இந்தக் கழுதை என்னை முடித்துவிடும்!”

எல்லோரும் சிரிக்கும் இடம் கடைசி வரி. எனக்கு மூன்றாவது கணக்கில் கண் நின்றுவிட்டது. அந்தப் பெண்ணுக்கு அந்த எட்டு அஸ்ஸில் ஒன்றாவது போனதா?

ஆனால் பதில் இதுதான்: மான்சியோ பக்கத்திலேயே காசு வாங்கும் தனியார் விடுதி. டிப்ளோமா இல்லாதவன் அங்கே போனான். பள்ளத்தாக்கில் இது சரி. உச்சியில்?

ஓகஸ்ட் 20, 2023

உச்சியில் கோயில் இருந்தது. அதைத்தான் நான் விட்டுவிட்டேன்.

கணவாயில் உள்ள கிறிஸ்தவ மடத்தின் அருங்காட்சியகத்துக்கு நேற்று மறுபடி போனேன். துறவிகள் 18ஆம் நூற்றாண்டிலிருந்தே தோண்டி எடுத்தவை, பிறகு 1890களில் இத்தாலியர் அகழ்ந்தவை. கோல் நாட்டுக் காசுகள் நிறைய. ரோமர் கோயில் கட்டும் முன்பே கடப்பவர்கள் இங்கே காசு போட்டிருக்கிறார்கள். பொயெனினுஸ் மலைக்காரர்களின் கடவுள் என்று ரோம வரலாற்றாசிரியர் லிவியும் சொல்கிறார். யூப்பிட்டர் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவர்.

நான் போனது வெண்கலத் தகடுகளுக்காக. சுமார் ஐம்பது கிடைத்திருக்கின்றன. உள்ளங்கையில் வைக்கலாம் போன்றவை, இரண்டு பக்கமும் முக்கோணக் காது, ஆணி அடித்த துளை. கண்ணாடியில் மூக்கு முட்ட நின்று பார்த்தேன். சிலவற்றில் எழுத்து ஒரே சீர். சிலவற்றில் வரி முடியும் இடத்தில் இடம் போதாமல் கடைசி எழுத்துகள் நெருக்கிக்கொண்டு சிறுத்துவிடுகின்றன. பிறந்தநாள் கேக்கில் நீளமான பெயரை எழுதும்போது எனக்கு நடப்பது அதேதான். கயுஸ் யூலியுஸ் பிரீமுஸ் என்பவர் வைத்த தகட்டில் புரோ இத்தூ எத் ரெதித்தூ என்று இருக்கிறது: போனதற்கும் திரும்பியதற்கும்.

வைத்தவர்கள் யார் என்று பார்த்தால், ஒரு படையணியின் செஞ்சூரியன். கோல் நாட்டுச் சேக்குவானி மக்களின் நகருக்குக் கடிதம் சுமப்பவர் ஒருவர். வடக்கே ஆமியான் பகுதியைச் சேர்ந்த ஒருவர். இவர்களில் அரசு ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் எல்லோரும் அல்ல. கோயில் வாசலில் சீட்டுக் கேட்கவில்லை. கோயிலைச் சுற்றி ஒதுங்க இடம் இருந்திருக்கும். நான் ஊகிக்கிறேன், ஆனால் ஊகத்துக்குக் கால் இருக்கிறது.

ஓகஸ்ட் 21, 2023

“அப்படியென்றால் இப்போதைய மடம் ரோமர் விடுதியின் தொடர்ச்சிதானே?” என்று கேட்டவருக்கு: இல்லை. இடமும் வேறு. கோயில் ஏரியின் ஒரு முனையில், மடம் மறுமுனையில். நடுவில் பல நூற்றாண்டு இடைவெளி. 972இல் பிரான்ஸின் க்ளுனி மடத்தின் தலைவர் மயோல் இந்த வழியில் ஒர்சியேர் அருகே சாரசன்களிடம் (அன்றைக்கு முஸ்லிம் படையாட்களை ஐரோப்பியர் அழைத்த பெயர்) பிடிபட்டு, மீட்புப் பணம் கொடுத்து விடுபட்டார். பெர்னார் என்ற குரு இப்போதைய மடத்தை நிறுவியது 1050 வாக்கில். அங்கேதான் யார் என்று கேட்காமல் கஞ்சி ஊற்றினார்கள். அதைச் சத்திரம் என்று தாராளமாகச் சொல்லலாம். மடத்தின் புகழ்பெற்ற சென் பெர்னார் நாய்கள் அதற்கும் 600 வருடம் பிந்தியவை, ரோமரோடு சேர்க்க வேண்டாம்.

டிசெம்பர் 10, 2023

இன்று பனி கொட்டுகிறது. மேல் சாலை ஒக்டோபரிலேயே மூடியாயிற்று, கார்கள் 1964இல் திறந்த சுரங்கத்தில் போகின்றன.

அம்மியானுஸ் மர்செல்லினுஸ் என்ற ரோம வரலாற்றாசிரியர் 4ஆம் நூற்றாண்டில் எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தேன். இறக்கத்தில் வண்டி உருளாமல் இருக்கப் பின்னாலிருந்து கயிறு கட்டி ஆட்களோ மாடுகளோ இழுத்துப் பிடிப்பார்கள். பனிக்காலத்தில் உள்ளூர்க்காரர்கள் பத்திரமான தடத்தில் வரிசையாக மரக்கம்புகளை நட்டு வைப்பார்கள். கம்பும் பனியில் மூடிப்போனால் உள்ளூர் ஆளே முன்னால் நடந்தாலும் கடப்பது கஷ்டம். (இது பிரான்ஸ், இத்தாலி எல்லையில் உள்ள கொத்தியன் அல்ப்ஸ் பற்றியது, எங்கள் கணவாய் பற்றி அல்ல. கி.பி. 333இல் போர்தோவிலிருந்து எருசலேம் போன பயணி தன் பட்டியலில் மான்சியோவையும் முட்டாத்தியோவையும் வரிசையாக எழுதிக்கொண்டு கடந்தது அந்த வழியைத்தான்.) என் ஜன்னலுக்கு வெளியே சாலையோரம் கம்புகள் நிற்கின்றன. நகராட்சி ஆட்கள் நவம்பரில் நட்டவை.

டிசெம்பர் 11, 2023

கேட்டதால் சொல்கிறேன்: ஆமாம், ரோமர் சாலைகளைக் காட்டும் பொய்ட்டிங்கர் வரைபடத்தில் இந்த உச்சி இருக்கிறது. இடைக்காலப் பிரதி, ஆறரை மீட்டருக்கு மேல் நீளும் சுருள், வியன்னாவில். அதே சுருளின் வலது ஓரத்தில் நம் பழைய துறைமுகம் முசிறியும் இருக்கிறது, பக்கத்தில் அகஸ்டஸ் கோயில் என்ற குறிப்போடு. முசிறி மிளகு இந்தக் கணவாயைக் கடந்து வடக்கே போயிருக்கும். எந்தக் கழுதையில் என்றுதான் தெரியாது.

பெப்ரவரி 18, 2024

ஒரு தகட்டை ஓகஸ்டில் எழுதாமல் விட்டேன். எழுத மனம் வரவில்லை.

கயுஸ் தொமித்தியுஸ் கரஸ்ஸூனுஸ், ஹெல்வேசிய (இன்றைய சுவிட்சர்லாந்துப் பகுதி) நாட்டவர். தொழில் மங்கோ, அதாவது அடிமை வியாபாரி. நேர்ந்துகொண்டதை மனமாரச் செலுத்தினேன் என்று பொயெனினுஸுக்கு மற்றவர்களைப் போலவே வைத்திருக்கிறார். பெயரைப் பார்த்தால் உள்ளூர் கோல் பெயர், முன்னால் ரோமப் பெயர் ஒட்டியிருக்கிறது.

அவர் தனியாகக் கடந்திருக்க மாட்டார். சரக்கு நடந்து வந்திருக்கும். அவருக்குக் காசு இருந்தது, எங்கேயாவது ஒரு கூரை கிடைத்திருக்கும். கூட வந்தவர்களை இரவில் எங்கே வைத்தார்? தொழுவத்திலா, கோயில் சுவரோரமா, அல்லது தங்காமல் ஒரே நாளில் இறக்கிவிட்டாரா? கையேட்டு வரியோடு தொடங்கிய என் கேள்வி கடைசியில் இந்த ஆட்களிடம் வந்து நிற்கிறது. பிரீமுஸ் போனதற்கும் திரும்பியதற்கும் தகடு அடித்தார். இவர்கள் இந்த வழியில் போனார்கள், அவ்வளவுதான்.

யூனில் சாலை திறந்ததும் மேலே போகிறேன். இந்த முறை கட்டடங்கள் நின்ற இடத்தை அடி வைத்து எண்ணப்போகிறேன், தொழுவம் இருந்திருக்கக்கூடிய பக்கத்திலிருந்து.